சித்திக்குச் சாகாத செடி

எலுமிச்சைத் தோலைக் கிள்ளி, அதன் மேல் துளி கற்பூரம் தூவியது போல ஒரு வாசனை. எங்கிருந்து என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அது மூக்கைத் தாண்டி எங்கோ உள்ளே போய்விட்டது. போன வாரம், சாலையோர நர்சரி ஒன்றில் தொட்டிகளுக்கு நடுவே நடந்தபோது என் பை எதன் மீதோ உரசியிருக்கிறது. குனிந்தேன். ஜெரமின். மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வெட்டு வெட்டான இலை, இலை முழுக்கப் பூனைமுடி போன்ற சுணை. கீழ்நாட்டு வெயிலில் வதங்கி, இங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பது போல நின்றிருந்தது.

பக்கத்தில் ஓர் இளம் ஜோடி. புதுவீடு போலிருக்கிறது. பையன் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்: “எங்களுக்குச் செடியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுண்ணே. ரொம்பப் பாத்துப் பாத்து ஜாகா பண்ண வேணாம். சாகாம இருந்தா போதும்.”

“சாகாததுன்னா பிளாஸ்டிக்தான்லா தம்பி. அது அந்தாண்ட கடையில.”

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் கேட்டதை நான் ஒரு காலத்தில் லயம் லயமாகப் போய்க் கேட்டிருக்கிறேன். கேட்டது எனக்காக இல்லை.

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி ரோடு வளைந்து வளைந்து தேயிலைக்குள் இறங்குகிற இடத்தில் எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். தோட்டம் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தோட்டம் ஒன்றுதான். வீட்டு முன்னால் பூச்செடி வைக்கிற துண்டு மண்ணுக்கு எங்கள் பேச்சில் தனிப் பெயரே கிடையாது. வாசப்பக்கம் என்போம். கதவுக்கும் சாக்கடைக்கும் நடுவில் பாய் விரித்தால் நிரம்பிவிடுகிற அகலம். எங்கள் வாசப்பக்கத்தில் அப்பாவின் பழைய டயர் ஒன்றும் துணி காயப்போடும் கம்பியும் இருந்தன, வேறொன்றும் இல்லை. அப்பா கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டினார். சித்தப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் பேக்டரியில் வேலை. இருவரும் பிறந்ததும் அதே வீட்டில்தான்.

எனக்கு ஒன்பது வயதானபோது சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டு சித்தியைக் கூட்டிவந்தார். கீழ்நாட்டில், தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெண். கல்யாணச் சேலைக்கு மேல் சித்தப்பாவின் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, பல் கிடுகிடுக்க, மடியில் ஒரு பிஸ்கட் டின்னோடு இறங்கினாள். நகை இருக்கும் என்று நினைத்தேன். லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். திறந்தால் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைக் குச்சிகள், கறிவேப்பிலைக் கன்று, கத்தரி விதை, மிளகாய் விதை.

வந்த மறுநாளே, பாத்திரம் கழுவும் இடத்தில், அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அக்கா, நா எதையும் ஒளிச்சு வைக்கல. அவருகிட்டயும் சொல்லிட்டேன். தீவாளி வரைக்கும் பாப்பேன். நட்டது வந்து, மனசும் ஒட்டிச்சின்னா இருப்பேன். இல்லன்னா ரெண்டு பேரும் எங்க ஊருக்கே எறங்கிடுவோம்.”

அம்மாவின் கை சட்டிக்குள் அப்படியே நின்றது. “தீவாளிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கேம்மா,” என்று மட்டும் சொன்னாள்.

வந்து ஒரு நாள்தான் ஆகிறது. ஆனால் அந்த ஒரு நாளில் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் சித்தி பதில் சொல்லியிருந்தாள். தெரியாததற்குத் தெரியாது என்றும், பாதி தெரிந்ததற்குப் பாதியும். எங்கள் வீட்டில் கேள்வி என்பது கொசு மாதிரி. கை வீசி விரட்டுவார்கள். சித்தி மட்டும் அது எங்கே உட்காருகிறது என்று பார்ப்பாள். அவள் இறங்கிப் போய்விடக்கூடாது.

ஆனால் நட்டது வரவில்லை.

அவள் ஊரில் எப்படிச் செய்வாளோ அப்படியே இங்கேயும் செய்தாள், அதுதான் வினை. காலையில் ஒரு வாளித் தண்ணீர், மாலையில் ஒரு வாளி. பனியிலேயே நனைந்து கிடக்கிற மண்ணுக்கு. அதோடு விட்டாளா, கன்றுகளுக்கு வெயில் படக்கூடாது என்று நாலு குச்சி நட்டுச் சாக்குப் பந்தல் வேறு போட்டாள். செம்பனைக் காட்டு வெயிலில் வளர்ந்தவளுக்கு நாற்று என்றாலே நிழல். கேமரன் மலையில் பந்தல் போட்டு வெயிலை மறைத்த ஒரே ஆள் என் சித்தியாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அத்தை கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நின்று பார்த்தாள். “சூரியன் இந்தப் பக்கம் வர்றதே அதிசயம். அது எட்டிப் பாத்தா இவ ஓடிப்போயி கொடை புடிக்கிறா.”

“அது பொண்ணு பாக்க வருதுன்னு நெனச்சிட்டா போல,” என்றாள் பின்னால் வந்தவள்.

சித்தியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் மல்லிகைக் குச்சி கறுத்தது. கறிவேப்பிலை ஒவ்வோர் இலையாக உதிர்த்து, கடைசியில் பென்சில் போல நின்றது. கத்தரி நாற்று ஒரு காலையில் கூழாகிக் கிடந்தது. சித்தி அதன் முன்னால் குந்தினாள். “எங்க ஊர்ல தண்ணி ஊத்தலன்னாத்தான் சாவும். இங்க ஊத்துனா சாவுது.” கோபம் இல்லை, குரலில் ஒரு வியப்பு. எனக்கு அந்த வியப்புதான் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர்கள் அப்படிப் பேசுவார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எப்படி வந்தது, தெரியவில்லை. பள்ளிக்கூட வேன் வளைவில் திரும்பும்போது, மண்சரிந்த மேட்டில், யாரும் நடாத இடத்தில், யாரும் பார்க்காமல், ஒரு பூ. யாரும் பார்க்காத இடத்தில் எது உயிரோடு இருக்கிறதோ அதற்குச் சாகத் தெரியாது. அதை நட்டால் போதும். சித்தி என்ன செய்தாலும் அது சாகாது, அது சாகாவிட்டால் சித்தி போகமாட்டாள். கணக்கு நேராக இருந்தது.

அன்றிலிருந்து என் கண் மாறிப்போனது. அதுவரை பச்சை என்றால் பச்சை. இப்போது ஒவ்வொரு பச்சையும் தனித்தனியாக நின்று என்னைப் பார்த்தது. சாக்கடை ஓரத்தில் காசித்தும்பைக்கு ஒன்றுவிட்ட தங்கை போல ஒரு செடி, காயைத் தொட்டால் விரலிலேயே வெடிக்கும். அதற்கு மண்கூட வேண்டாம், சிமெண்டு விரிசல் போதும். வாய்க்காலில் வெள்ளைத் தாளைச் சுருட்டிச் செருகியது போல லில்லி. கக்கூஸ் கூரை மேல் சௌசௌக் கொடி. கோயில் பின்சுவரில் செவந்தி, போன வருஷம் வெட்டி எறிந்த குப்பையிலிருந்தே முளைத்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டேன். மழை விடாமல் பெய்தால் இது சாகுமா? ஆடு தின்றால்? மறந்தே போய்விட்டால்? காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணப் போகிற அவசரத்தில் இருந்த கங்காணி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம் பாப்பா, நீ செடி வைக்கப் போறியா, பொணம் வைக்கப் போறியா? சாவைப் பத்தியே கேக்கற.”

ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் அவள் வரவில்லை என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் செருப்பை மாட்டினாள்.

ரோட்டு வளைவில் எக்காளப் பூ மரம். குச்சியை ஒடித்துச் சேற்றில் எறிந்தாலே வந்துவிடும் என்று எனக்கு உறுதி கிடைத்திருந்தது. நீள நீளமாக, பாவாடையைத் தலைகீழாக உலர்த்தியது போல, மரம் முழுக்கப் பூ. சித்தி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்குதே. காலையில கதவத் தொறந்ததும் எவளோ அழுதுக்கிட்டு நிக்கிற மாதிரி. வேணாம் பாப்பா.”

அதோடு அது விஷம் என்று வழியில் வந்த ஒருத்தி சொன்னாள். என் கணக்கில் அந்தப் பக்கமே இல்லை. சாகாததெல்லாம் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துப் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்ட மலாய்க்காரப் பெரியவர்தான் ஜெரமினைக் கிள்ளிக் கொடுத்தார். இலையைக் கசக்கி சித்தியின் மூக்கருகே நீட்டினார். இருமலுக்கு நல்லது என்று கையால் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். எவ்வளவு தண்ணீர் என்று சித்தி கேட்டாள். அவர் ஆகாயத்தைக் காட்டினார். அவ்வளவுதான் பாடம். சித்தி அந்தக் குச்சியை வழியெல்லாம் முகர்ந்துகொண்டே வந்தாள். மூக்கு நுனி சிவந்து, பனியில் அவள் கண்கள் முதல்முறையாகச் சுற்றிலும் பார்த்தன. நான் அவளைவிட்டு இரண்டடி முன்னால் நடந்தேன், காட்டுகிறவள் மாதிரி.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பூவை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் எல்லாம் திடீரென்று பூப்பைத்தியம் பிடித்தவர்கள் ஆனார்கள். அம்மா கோழி எருவை வாளியில் சுமந்துவந்து கொட்டினாள். அப்பா தன் டயரை எடுத்துவிட்டு, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை வரிசையாக ஊன்றி வேலி போட்டார். ஒரு சனிக்கிழமை பிரிஞ்சாங்கில் ராத்திரி கூடும் பாசார் மாலாம் சந்தையிலிருந்து தொட்டியோடு ஒரு செடி வாங்கி வந்தார். குண்டு குண்டாக ரோஸ் நிறக் கொத்து. ஹைட்ராஞ்சியா என்று விற்றவன் சொன்னானாம். அம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழம் பூ வாங்கித் தராதவர். அம்மா தொட்டியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு. “தம்பி பொண்டாட்டிக்கு வாங்குனதா? நல்லாருக்கு.”

“வீட்டுக்கு வாங்குனது,” என்றார் அப்பா.

ஏன்ப்பா என்று கேட்டேன். “பூ நல்லதுதான,” என்றார். கேள்வி கொசுவாகிப் பறந்துவிட்டது.

அந்த ரோஸ் நிறக் கொத்து வாடியதும் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணில் வைத்தாள் சித்தி. மாதங்கள் போய், புதுக் கொத்து வந்தபோது அது நீலம். சுத்தமான, பள்ளிக்கூடப் பாவாடை நீலம். லயமே கூடிவிட்டது. பாசார்காரன் மை ஊற்றி ஏமாற்றிவிட்டான் என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. மழை என்றார் ஒருவர். மண் என்றார் அப்பா, தேயிலை மண்ணுக்கு அந்தக் குணம் உண்டு என்று. நான் ஒவ்வொருவர் பின்னாலும் போய் எந்த மழை, மண்ணில் எங்கே, நீலம் முதலில் வேரிலா தண்டிலா என்று கேட்டுத் துளைத்தேன். சித்தி எதுவும் கேட்கவில்லை. கொத்தை ஒற்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். “நம்மள ஒரு வார்த்த கேக்காம மாத்திப்புடுதே,” என்றாள். சந்தோஷமா வருத்தமா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் விடாமழை பிடித்தது. துணி காயவில்லை. விறகு புகைந்தது. எதிர் மலை காணாமல் போய், பிறகு எதிர் லயம் காணாமல் போய், கடைசியில் வாசப்பக்கமே காணாமல் போனது. சித்தி போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்தபடி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: “செடியெல்லாம் நல்லாத்தான்க்கா இருக்கு. எனக்குத்தான் தாங்க முடியல, சூசாவா இருக்கு.” என் கணக்கு உடைந்த இடம் அது. செடி பிழைத்தால் சித்தி இருப்பாள் என்றல்லவா போட்டிருந்தேன். செடி பிழைத்துவிட்டது. அவளோ மறுபடி அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள், அடுக்களைத் தட்டில் வெங்காயக் கூடைக்குப் பின்னால் சித்தி எதையோ தேடினாள். கையோடு ஒரு சௌசௌக் காய் வந்தது. கூட்டு வைக்க என்று எப்போதோ யாரோ கொடுத்து, மறந்துபோனது. மண் இல்லை, தண்ணீர் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதன் வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தளிர், ஜன்னல் பக்கம் கழுத்தை வளைத்து நின்றது. சித்தி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. நிறுத்த முடியாத சிரிப்பு.

“ஏன் பாப்பா, இதுக்கு வெக்கமே கெடையாதா? யாரும் வான்னும் சொல்லல, இருன்னும் சொல்லல.”

மழையோடு மழையாக வெளியே போனோம். காயைக் குழிக்குள் படுக்கவைத்து, பாதி மட்டும் மூடினோம். அப்பா பந்தலுக்குக் கம்பி இழுத்துத் தந்தார். இந்த முறை வெயிலை மறைக்க இல்லை, ஏறுவதற்கு. அது ஏறியது. கம்பியைத் தாண்டி, கூரையைத் தாண்டி, பக்கத்து வீட்டு அத்தையின் கூரைக்கும் போனது.

தின்று தீராத அளவுக்குக் காய்த்ததுதான் திருப்பம். பூவை யாரும் யாருக்கும் பங்கு வைப்பதில்லை. காய் அப்படியில்லை, அது கனக்கும், வீட்டில் வைத்திருக்க முடியாது. சித்தி முறத்தில் அடுக்கிக்கொண்டு லயத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போனாள். அதுவரை அவள் யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. பேச என்ன இருக்கிறது என்பாள். இப்போது கையில் காய் இருந்தது. ஒரு வீட்டில் இருமலுக்கு ஜெரமின் இலை கேட்டார்கள், ஒரு வீட்டில் செவந்திக் குச்சி. முறம் வெறுமையாகத் திரும்பவில்லை. கருவாடு வந்தது, ஊறுகாய் வந்தது, அந்தோணியார் திருநாள் சோறு வந்தது. பந்தலைக் கேலி செய்த பக்கத்து வீட்டு அத்தை, தன் கூரையில் தொங்கிய காயைப் பறித்துக்கொண்டே கத்தினாள்: “அடியே, ஓங் கொடி எங்க வூட்டுக்குக் குடிவந்துடுச்சி. வாடகை நாந்தான் கேக்கணும்.”

“காயா எடுத்துக்க மதினி,” என்றாள் சித்தி. மதினி. எப்போது அத்தை இவளுக்கு மதினி ஆனாள்? நான் தவறவிட்டிருக்கிறேன்.

தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்து, பலகாரம் சுட்டு, எல்லாம் ஆனபிறகு அம்மா எதுவும் கேட்கவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை, அப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சித்தி அதிரசத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அவரைக்கொட்ட வெதச்சிருக்கேன். காய்க்கறதுக்குள்ள எப்படிப் போறது.” பிறகு, “ஆபீஸ் கிராணிகிட்ட வேலைக்குப் பேர் குடுத்துட்டேன். வர்ற மாசம் கொழுந்து எடுக்கப் போறேன்.”

நான் குதித்தேன். அம்மா கண்ணைத் துடைத்தாள், எண்ணெய்ப் புகை என்றாள். அப்பா எழுந்து வாசப்பக்கம் போய், நீலப்பூ முன்னால் நின்றுகொண்டு, மூச்சை நீளமாக விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். சாகாத செடிகளைப் பொறுக்கி நட்டு ஒரு மனுஷியைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் சில நாள் எனக்குச் சோறுகூடச் சரியாக இறங்கவில்லை.

கீழே, ஷா ஆலம் பட்டணத்தில் ஒரு பேக்டரியில் அப்பாவுக்கு வேலை காத்திருந்தது. எவ்வளவு காலமாக என்று நான் கேட்கவில்லை. லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். அப்பா வேலையை விட்டால் வீட்டை விடவேண்டும். சித்தப்பா ஒண்டிக்கட்டையாக இருந்திருந்தால் அவரையும் ஆண்கள் மட்டும் தங்கும் லயத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அண்ணன் தம்பி பிறந்த வீடு வேறு யாருக்கோ போயிருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் பெரட்டுக்குப் போனால் வீடு அவர்கள் பேரில் நிற்கும். சித்தி நிற்பாளா என்று தெரிந்தால்தான் அப்பா கிளம்ப முடியும். எருவும் வேலியும் பாசார் மாலாம் பூவும் அதற்குத்தான். இதெல்லாம் இன்று எனக்குத் தெரிகிறது. அன்று, தேதி குறித்தபோது, ஷா ஆலமில் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்குமா என்றுதான் கேட்டேன். மாடிப்படி இருக்குமா. அங்கே பனி எங்கே போகும்.

கோசு மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒரு லோரியில் எங்கள் கட்டிலும் பீரோவும் ஏறின. அம்மா அடுப்பைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, பாதி வழி வந்து, திரும்பிப் போய் மறுபடி துடைத்தாள். அப்பா கதவு நிலையைக் கையால் ஒருமுறை தட்டினார், லோரி டயரைத் தட்டிப் பார்ப்பது போல. நான் முன்சீட்டில் ஜன்னல் ஓரம் ஏறிக்கொண்டேன். அந்த இடம் கிடைத்ததே பெருமையாக இருந்தது. சித்தி கூடை மாட்டிய தலையோடு மலையிலிருந்து ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. கன்னத்தில் கேமரன் குளிரின் சிவப்பு. வந்த அன்று இருந்த நடுக்கம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

ஸ்கூல் லீவுக்கு வந்துவிடுவேன் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாகக் கைவிட்டு என் காதுவரை குல்லாவை இழுத்துவிட்டாள். பிறகு அவள் சொன்னதில் ஏதும் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. சரி சரி என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். லோரி உறுமியது, அதற்கு மேல் சத்தமாகச் சொன்னாள்:

“வந்தா வேற எங்கயும் தங்கிடாத பாப்பா. நேரா எங்க வீட்டுக்கு வந்துடு.”